திரையில் முப்பது நாள்

அனுப்பர்பாளையம்
7.8.2005

தம்பி முத்துவுக்கு,

அக்கா எழுதுவது. நான், அத்தான், பாப்பா மூன்று பேரும் இருக்கிறோம். புனேயில் மழை விடவே இல்லை என்று டிவியில் காட்டினார்கள். நீ தங்கியிருக்கும் அறைக்குள் தண்ணீர் வரவில்லையே? அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இங்கே ஒன்று நடந்துவிட்டது. ஆபீஸ் போனைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள், அதில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ கேமரா மாட்ட எங்கள் சாயப்பட்டறைக்கு வந்தபோது ஹைட்ரோ மெஷினைப் பார்த்திருப்பாய். சாயம் போட்ட ஈரத் துணியைச் சுற்றிப் பிழிகிற பெரிய டிரம். அத்தான்தான் அதற்கு ஆபரேட்டர். மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நிற்க ஒரு லாக் உண்டு. அது கெட்டு மாதக்கணக்கு ஆகிறது, கம்பி போட்டுக் கட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு அத்தானோடு வேலை செய்கிற சேவூர் வீரன் அண்ணன் மூடியைத் திறந்து துணியை உருவிக்கொண்டிருந்தார். டிரம் சுற்றிவிட்டது. துணியோடு கையையும் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றது அத்தான். டிரம் முழுதாக நிற்கும் முன்னே வீரன் அண்ணன் மூடியைத் திறந்துவிட்டார் என்று அத்தான் போலீசில் சொன்னார். "டக்குனு ஸ்விட்ச் சத்தம் கேட்டுதுங்க" என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். கேஸில் அத்தான் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நேரம் நான் ஆபீசில் டெலிவரி சலான் அடித்துக்கொண்டிருந்தேன். கத்தல் கேட்டது. கையில் இருந்த சலானை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. இதுவரை எனக்கு அழுகையும் வரவில்லை.

ஊரில் அம்மாவுக்குச் சொல்லாதே.

அக்கா
நாகஜோதி


புனே
14.8.2005

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அறைக்குள் தண்ணீர் வரவில்லை, நான் நன்றாக இருக்கிறேன். அத்தானை நினைத்தால் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. உடனே புறப்பட்டு வரலாம் என்றால், வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, லீவு கேட்க முடியாத நிலை.

ஒன்றை யோசித்தாயா? மூன்றாவது கேமரா ஹைட்ரோவைப் பார்த்துத்தான் இருக்கிறது. என் கையால் மாட்டியது. ஸ்விட்ச் போர்டும் அதில் விழும். அத்தான் ஸ்விட்ச் போட்டாரா இல்லையா என்று இரண்டு பேர் காதால் கேட்டதை வைத்து ஏன் முடிவு செய்ய வேண்டும்? கண்ணாலேயே பார்த்துவிடலாமே.

அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு நாள் பதிவும் முப்பது நாள் வரை டிஸ்க்கில் இருக்கும், அதற்குப் பிறகுதான் புதுப் பதிவு வந்து பழையதை அழிக்கும். திரையின் மேல் மூலையிலேயே 'இருப்பு: 30 நாள்' என்று இருக்கும், பார். அந்தப் புரோகிராமை எழுதியது நான்தான். செப்டம்பர் ஒன்றாம் தேதி வரை கவலையில்லை. அதற்குள் அதிகாரிகளைப் பார்க்கச் சொல். முதலாளி மறுத்தால் எனக்கு எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம். அத்தானைச் சாப்பிட வை.

தம்பி
இசக்கிமுத்து


அனுப்பர்பாளையம்
24.8.2005

தம்பி முத்துவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் அப்படியே இருக்கிறோம். பாப்பாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

அத்தானை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். முதல் தடவை பதில் சொன்னார். இரண்டாம் தடவை ஒன்றும் பேசவில்லையாம், ஏட்டு என்னிடம் சொன்னார். வீட்டிலும் பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. வீட்டில் எந்த ஸ்விட்சையும் அவர் தொடுவதில்லை. பாப்பாதான் நாற்காலியில் ஏறி ஃபேன் போடுகிறாள்.

பட்டறையில் ஹைட்ரோவுக்குப் புது லாக் போட்டுவிட்டார்கள். வேலை நடக்கிறது. வீரன் அண்ணன் இடத்துக்கு ஒரு பீகார் ஆள் வந்திருக்கிறார்.

பேக்டரி இன்ஸ்பெக்டர் 31ஆம் தேதி புதன்கிழமை வருகிறார். எல்லாவற்றையும் அன்றைக்கே பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். "கேமராவுல ஒரு மாசம் அப்படியே இருக்குமுங்க சார், எப்ப வேணாலும் பாத்துக்கலாமுங்க" என்று முதலாளி நாச்சிமுத்து போனில் அவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அனுப்பர்பாளையம்
4.9.2005

தம்பி முத்துவுக்கு,

நீ சௌக்கியமாக இரு. இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். முதலாளி, நான், வீரன் அண்ணனின் சம்சாரம் வெள்ளையம்மாள், அவருடைய அண்ணன், எல்லோரும் கம்ப்யூட்டர் அறையில் இருந்தோம். அத்தான் வாசலிலேயே நின்றார். தினமும் கேமராவைச் சரிபார்ப்பது நான்தான், சாவியும் பாஸ்வேர்டும் என்னிடம்தான். அதனால் என்னையே திறக்கச் சொன்னார்கள்.

திறந்தேன். மேல் மூலையில் 'இருப்பு: 30 நாள்' என்று இருந்தது. கீழே தேதிகளைப் பார்த்தால் மூன்றாம் தேதியிலிருந்துதான் இருக்கிறது. இரண்டாம் தேதி இல்லை. அதற்குப் பிறகு எல்லாத் தேதியும் வரிசையாக இருக்கிறது, நமக்கு வேண்டிய அந்த நாள் இல்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார், "பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் சார்."

"ஆபரேட்டர் முனீஸ் உங்களுக்கு என்ன உறவு?"

"வீட்டுக்காரர் சார்."

அவர் எழுதிக்கொண்டார். வெள்ளையம்மாள் அக்கா சத்தம் போடவில்லை. என் பக்கம் திரும்பி, "நீங்களே அழிச்சுப்போட்டீங்களா அம்மிணி? கேஸு கெடக்குதுங்க. அவரு மூஞ்சிய ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க" என்றார். நான் அழிக்கவில்லை என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, பயத்துல பண்ணியிருந்தா எங்கிட்டச் சொல்லிரு, நான் பாத்துக்கறன்" என்றார். முதலாளியே சொல்லி அழிக்க வைத்தார் என்று பட்டறையில் ஒரு பக்கம் பேசுகிறார்கள். புருஷனைக் காப்பாற்ற நான் அழித்தேன் என்று மற்றப் பக்கம்.

எப்படி இது நடக்கும் என்று எழுது. உனக்குத்தான் தெரியும்.

அக்கா


புனே
15.9.2005

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். மழை இப்போது குறைந்துவிட்டது.

நடந்ததைப் படித்து மிகவும் வருத்தம். அங்கே அடிக்கடி கரண்ட் போகும், அதனால் ஒரு நாள் பதிவு கெட்டிருக்கலாம். வைரஸ் வந்திருந்தாலும் இப்படி ஆகும். யாராவது அதே கம்ப்யூட்டரில் பாட்டு சிடி போட்டுக் கேட்டார்களா? தூரத்திலிருந்து ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீ அழிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தைரியமாக இரு.

பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கி வைத்திருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி
முத்து


அனுப்பர்பாளையம்
25.9.2005

தம்பி முத்துவுக்கு,

பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள், அத்தான் வீட்டில் இருக்கிறார், நான் வேலைக்குப் போகிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

கரண்ட் போகவில்லை. போனாலும் யூபிஎஸ் உண்டு, நீயே வாங்கச் சொன்னாய். அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து தினமும் காலையில் முதல் தேதி எது என்று நோட்டில் குறித்து வருகிறேன். 20ஆம் தேதி பார்த்தால் ஆகஸ்ட் 23. 21ஆம் தேதி பார்த்தால் ஆகஸ்ட் 24. 22க்கு ஆகஸ்ட் 25. ஒரு நாள்கூட மாறவில்லை. எப்போதும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கிறது. மூலையில் முப்பது என்றே காட்டுகிறது. வைரஸ் இப்படி நாள் எண்ணி அழிக்குமா?

ஆகஸ்ட் 31 அன்று காலையில் இரண்டாம் தேதி தானாகவே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பிளஸ் டூ படித்தவள், எனக்கு இதற்கு மேல் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருத்தன். முப்பது என்று காட்டிவிட்டு இருபத்தெட்டிலேயே ஒரு புரோகிராம் அழிக்குமா, அழிக்காதா? ஆம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


அனுப்பர்பாளையம்
23.10.2005

தம்பி முத்துவுக்கு,

ஒரு மாதம் ஆகப்போகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதுமா என்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அம்மாவிடம் வாரா வாரம் பேசுகிறாய் என்று தெரிந்தது. நன்றாக இருக்கிறாய். அது போதும்.

கம்ப்யூட்டரில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது துணி மடிப்பில் நிற்கிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மற்றபடி வேலை ஒன்றும் கஷ்டமில்லை. கை தானாக மடிக்கிறது.

தீபாவளிக்கு நீ வர மாட்டாய் என்று தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா


புனே
3.11.2005

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. நேராகவே எழுதுகிறேன்.

நீ கேட்ட ஒரு வரி: ஆம், அழிக்கும். அழித்தது என் புரோகிராம்தான்.

எப்படி என்று சொல்கிறேன். உலகத்தில் கிலோ என்றால் ஆயிரம். கம்ப்யூட்டருக்குள்ளே மட்டும் பழக்கத்தில் ஆயிரத்து இருபத்துநாலைக் கிலோ என்று எண்ணுவார்கள். கிலோ, மெகா, ஜிகா என்று மேலே போகப் போக அந்த வித்தியாசம் பெருகும். டிஸ்க் தயாரிக்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணிப் பெட்டியில் 160 ஜிபி என்று போடுகிறார்கள். அதே டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் தன் கணக்கில் எண்ணினால் 149தான் வரும். யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு அளவுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான்.

உங்கள் கேமராக்கள் ஒரு நாளைக்கு 5.3 ஜிபி பதிவு செய்தன. அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுத்தேன். டிஸ்க்கின் அளவைப் பெட்டியைப் பார்த்து 160 என்று அடித்தேன். 160ஐ 5.3ஆல் வகுத்தால் முப்பது நாள். 149ஐ வகுத்திருந்தால் இருபத்தெட்டு. கெஜத்தில் அளந்து வந்த துணியை மீட்டர் என்று நம்பி வெட்டியது போல. டிஸ்க் நிறைந்தால் பழைய நாளை அழி என்றும் நானே எழுதியிருந்தேன். அது சரியாக வேலை செய்தது. மூலையில் இருந்த எண்தான் பொய். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். முப்பது நாள் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், 'மூன்றாம் தேதியிலிருந்துதான் இருக்கிறது' என்ற உன் வரியைப் படித்த அந்த நிமிஷமே. பஸ்ஸில் நின்றுகொண்டு படித்தேன். என் ஸ்டாப்பில் இறங்கினேன். வேலைக்குப் போனேன், சாயங்காலம் வரை வேலை செய்தேன், எல்லோரோடும் பேசினேன். எனக்குள்ளே ஒன்றுமே ஆகவில்லை. அதன் பிறகுதான் கரண்ட், வைரஸ் என்று உனக்கு எழுதினேன். தெரிந்தே எழுதினேன். நான் இங்கே செய்வதும் இதே மாதிரி வேலைதான். இது வெளியே தெரிந்தால் என்னை வைத்திருப்பார்களா என்று நினைத்தேன். அங்கே உன்னைத் திருடியைப் போலப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நினைத்தேன்.

கோயம்புத்தூரில் என் பழைய முதலாளிக்குப் போன் செய்தேன். இதே புரோகிராம் இன்னும் பதினோரு இடத்தில் ஓடுகிறது. "திருத்திடலாம்பா, ஆனா எழுத்துல மட்டும் ஒண்ணும் குடுத்துராத" என்றார். எழுத்தில் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, உன் முதலாளிக்கு ஒன்று, என் பெயர், விலாசம், கையெழுத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. வெள்ளையம்மாள் அக்காவிடம் நீ படித்துக் காட்டு. தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

முத்து


அனுப்பர்பாளையம்
20.11.2005

தம்பி முத்துவுக்கு,

உன் கடிதமும் நகலும் வந்தன. நீ எழுதியதில் எனக்குக் கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை.

முதலாளி படித்துவிட்டு, "சரி, உம்மேல தப்பில்லம்மா, மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்துரு" என்றார். மடிப்பிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டரும் பெற்றுக்கொண்டதாகப் பதில் போட்டிருக்கிறார். அத்தான் கேஸ் அப்படியேதான் இருக்கிறது, ஜனவரியில் தேதி.

உனக்கு எழுதாத ஒன்று என்னிடமும் இருக்கிறது.

அந்த 28 நாளும் சாவி என் கையில் இருந்தது. ஸ்விட்ச் போர்டும் படத்தில் விழும் என்று உன் முதல் கடிதத்தில் படித்தபோதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது இரண்டாம் தேதியைத் திறந்தேன். பத்தேமுக்கால் வரை பார்த்தேன். வீரன் அண்ணன் தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தான் ஏதோ சொல்ல, சிரித்தார். அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை, மூடிவிட்டேன். அத்தான் ஸ்விட்ச் போட்டதைப் பார்த்துவிட்டால் அவரோடு எப்படி இருப்பது?

ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை, வெள்ளையம்மாள் அக்கா தனியாக ஆபீசுக்கு வந்தார். "ஒருக்கா காட்டுங்க அம்மிணி, நா ஒண்ணுஞ் சொல்ல மாட்டனுங்க" என்றார். இன்னும் நாள் இருக்கிறது, புதன்கிழமை இன்ஸ்பெக்டரோடு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். இருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். ஆனால் முப்பது என்று திரையில் இருந்ததால்தான் எனக்குத் தள்ளிப்போட முடிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி சேவூர் போனேன். அவர் வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உன் கடிதத்தை முழுசாகப் படித்தேன். ஆயிரம், ஆயிரத்து இருபத்துநாலு எல்லாவற்றையும் கேட்டார். முடித்ததும், "அதெல்லாம் எனக்கெங்கீங்க தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் உரித்தார். பிறகு,

"அப்ப நா திங்கக்கெழம வந்தனே, அன்னிக்கு அது இருந்துதுங்களா?"

"இருந்துச்சு அக்கா."

"நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. டீ குடித்ததை, தூணில் சாய்ந்திருந்ததை, சிரித்ததைச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"சிரிச்சாருங்களா?"

"சிரிச்சாரு."

"நீங்க பாத்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் என்னைத் திட்டவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பஸ் வரும் நேரம் வரை இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவராக வாயைத் திறந்தார்.

"அப்ப அது இனிமே வரவே வராதா, ஜோதி?"

வராது என்றேன்.

"நான் ஸ்விட்ச் போட்டனா இல்லியான்னு எனக்கே தெரியல. சலவைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டாவ, திரும்புனேன். கை எங்க இருந்துச்சுன்னு ஞாபகமே இல்ல. போலீசுல கேக்கையில வாய்க்கு வந்தத சொன்னேன். படத்துல பாத்தா தெரிஞ்சிரும், என்ன ஆனாலும் சரின்னுதான் அன்னைக்கு வாசல்ல நின்னேன்."

நான் பார்க்கக் கூடாது என்று பயந்ததை, அவர் பார்க்க வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு இருபத்தெட்டு நாள். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம், அவர் சொல்லியிருக்கலாம்.

சாவி என்னிடம் இருந்தது அவருக்குத் தெரியும். அந்த நாளைத் திறந்து பாதியில் மூடினேன் என்பது மட்டும் தெரியாது. வெள்ளையம்மாள் அக்காவிடம் சொல்ல முடிந்தது, உனக்கு எழுத முடிந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. பாப்பா கவுனைக் கேட்கிறாள்.

அக்கா
நாகஜோதி